டேஷ்போர்டில் நின்றுபோன எட்டு நாள் கடிகாரம்

பழைய காரைப் பார்த்துப் பார்த்துப் புதுப்பிக்கிறவர்கள்கூட அதன் கடிகாரத்தைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். எஞ்சின் முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆகும், சீட் புதிதாக இருக்கும், நிக்கல் பூச்சில் முகம் பார்க்கலாம். டேஷ்போர்டில் மட்டும் மணி என்றைக்கோ நாலேகாலில் நின்றிருக்கும். கேட்டால், "அது ஓடாது சார், சும்மா அழகுக்கு" என்பார்கள். என் மேஜைக்கு வருகிற கார் கடிகாரங்களில் பெரும்பாலானவை இப்படிக் கைகழுவப்பட்டவைதான். பிரித்துப் பார்த்தால் உண்மையிலேயே ஏதாவது உடைந்திருப்பது குறைவு. காய்ந்த எண்ணெய், தூசி, முன்பு யாரோ அவசரத்தில் செய்த ரிப்பேர் ஆகியவைதான் அதிகம்.

நான் இங்கே பேசுவது முக்கியமாகக் கையால் சாவி கொடுக்கிற கடிகாரங்களைப் பற்றி. 1910-களிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரையிலான கார்களில் இவை பரவலாக இருந்தன. அமெரிக்காவின் வால்தம், எல்ஜின், பின்னி வாக்கர், இங்கிலாந்தின் ஸ்மித்ஸ், அப்புறம் ஜேகர் பெயரில் வந்தவை, பெயரே இல்லாத சுவிஸ் மெஷின்கள் (மெஷின் என்றால் கேஸுக்குள் இருக்கும் இயங்கு பகுதி) என்று கையில் விதவிதமாக வரும். சிலவற்றுக்கு டயலுக்குக் கீழே ஒரு தண்டு நீண்டு, அதன் நுனியில் கிரௌன், அதாவது சாவி கொடுக்கத் திருகும் குமிழ், இருக்கும். சிலவற்றில் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தையே திருகிச் சாவி கொடுக்க வேண்டும். அதே வளையத்தை இழுத்துத் திருகினால் முள் நகரும். வால்தம் மாதிரி அமெரிக்க மெஷின்களில் உள்ளே சீரியல் எண் பொறித்திருக்கும். அதை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். பார்க்க வேண்டியது மெஷினில் உள்ள எண்ணை, கேஸில் உள்ளதை அல்ல. கேஸ் மாறியிருக்க வாய்ப்பு உண்டு.

இவற்றில் பெரும்பாலானவை எட்டு நாள் கடிகாரங்கள். இந்த 'எட்டு நாள்' என்கிற விஷயம் பிடிபட்டால் பாதி ரிப்பேர் புரிந்த மாதிரி. சாதாரண பாக்கெட் வாட்ச் ஒரு சாவிக்கு ஒன்றரை நாள் ஓடும். எட்டு நாள் ஓடுவதற்கு நீளமான, பலமான மெயின்ஸ்பிரிங் (சாவி கொடுக்கும்போது முறுக்கேறும் சுருள்) வேண்டும். அந்த ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பாதான் பேரல்; சில மெஷின்களில் ஒன்றுக்கு இரண்டு இருக்கும். ஹெப்டோமாஸ் வகை சுவிஸ் மெஷின்களில் பேரலே கிட்டத்தட்ட மெஷினின் முழு அகலத்துக்கும் பரவியிருக்கும். அந்த விசையைச் சிக்கனமாகச் செலவழிக்க நடுவில் கூடுதலாகச் சக்கரங்கள். முன்னும் பின்னும் வீசி நேரத்தை அளக்கும் சக்கரமான பேலன்ஸ் மணிக்கு 18,000 அடி என்றால் நாளுக்கு 4,32,000. எட்டு நாளில் 34,56,000. இத்தனையும் ஒரே சாவியில். ஆக, ஸ்பிரிங் பக்கம் விசை மிக அதிகம், பேலன்ஸ் பக்கம் வந்து சேருவது மிகக் குறைவு. ஸ்பிரிங் பக்கத்தில் தேய்மானத்தைத் தேடுங்கள், பேலன்ஸ் பக்கத்தில் அழுக்கைத் தேடுங்கள். நான் எந்தக் கடிகாரத்தை எடுத்தாலும் இந்த வரிசையில்தான் யோசிப்பேன்.

சாவி முழுதாக ஏறியிருக்கிறது, கடிகாரம் ஓடவில்லை என்றால் உடனே "ஓவராக சாவி கொடுத்துட்டாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். ஸ்பிரிங் முழுதாக ஏறுவது ஒரு கோளாறே இல்லை. ஏறியபின் இறங்க முடியாமல் நிற்கிறது என்றால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. வழக்கமாக அது பிசினாகிவிட்ட எண்ணெய். ஓடாத கடிகாரத்துக்கு ஒவ்வொருவராக இன்னும் கொஞ்சம் சாவி கொடுத்துப் பார்த்திருப்பார்கள். அதனால் நம் கைக்கு வரும்போது அது எப்போதும் முழுச் சாவியோடுதான் இருக்கும். இது முக்கியம், ஏனென்றால் பிரிக்கும்போது அந்த விசை முழுவதும் உள்ளே காத்திருக்கிறது.

பிரிப்பதற்கு முன்னால் நான் செய்வது ஒரே சோதனை. பின்மூடியைத் திறந்து, கடிகாரத்தைக் கையில் தட்டையாகப் பிடித்து மணிக்கட்டை லேசாகத் திருப்புவேன். பேலன்ஸ் தாராளமாக வீசி, சற்று நேரம் ஓடி, பிறகு தளர்ந்து நின்றால் பேலன்ஸ் நன்றாக இருக்கிறது, விசைதான் வந்து சேரவில்லை. வீசவே தயங்கி, உடனே இறந்தால் பேலன்ஸின் பிவட்டிலோ (அச்சின் மெல்லிய நுனி) ஹேர்ஸ்பிரிங்கிலோ (பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருள்) பிரச்சினை. தட்டையாக வைத்தால் ஓடுகிறது, நிறுத்தி வைத்தால் நிற்கிறது என்றால் ஒரு பிவட் வளைந்தோ தேய்ந்தோ இருக்கலாம். அதிர்ச்சி தாங்கும் இன்கபிளாக் அமைப்பு 1934-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கார் கடிகாரங்களில் பேலன்ஸின் மெல்லிய பிவட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. காரில் கதவை ஓங்கிச் சாத்துவதைவிட, கழற்றி எடுக்கும்போது கை நழுவி விழுந்ததால் போன பிவட்கள்தான் நான் அதிகம் பார்த்தது.

அடுத்ததைச் சொல்லாமல் ஸ்க்ரூட்ரைவரைக் கையில் எடுக்கச் சொல்ல மாட்டேன். முள்ளிலும் எண்களிலும் பழுப்பேறிய, பொரிந்த பூச்சு இருந்தால் அது ரேடியம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் ஓட்டுவதற்காக இந்தக் காலத்துக் கார் கடிகாரங்களில் ரேடியம் பூச்சு சகஜம். இப்போது இருட்டில் ஒளிரவில்லையே என்று நினைக்க வேண்டாம். செத்துப்போனது ஒளிர்கிற துத்தநாக சல்ஃபைடுதான். ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டு ஆகும். வெளியிலிருந்து வரும் கதிரைவிட, அந்தத் துகள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் பெரிய ஆபத்து. அமெரிக்காவில் 1917 முதல் 1920-கள் வரை டயல் தீட்டிய இளம்பெண்களில் பலர் பிரஷ் நுனியை உதட்டில் கூராக்கிக்கொண்டே வேலை செய்து தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். அதனால் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், ஏர் புளோயரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். கையுறை போட்டு, முள்ளைக் கழற்றி, டயலோடு சேர்த்து மூடிய பையில் போட்டுத் தனியாக வைத்துவிடுவேன். கீழே விழுந்த துகளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் பையில் கட்டிவிட வேண்டும். வேலை முடியும்வரை அந்த மேஜையில் சாப்பாடு, காபி கிடையாது. பழைய பூச்சை நீக்கிப் புதிதாகப் பூசித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நான் அந்த வேலைக்கு வருவதில்லை. கதிரியக்கப் பொருளைக் கையாளவும் அப்புறப்படுத்தவும் ஒவ்வொரு நாட்டிலும் தனிச் சட்டம் இருக்கிறது, உரிய வசதி இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சரி, பிரிக்கலாம். முதல் வேலை ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்குவது. கிரௌனை விரலால் இறுக்கிப் பிடித்து, ரேட்செட் சக்கரத்தைத் தடுத்து நிற்கிற கிளிக்கை ஊசியால் ஒதுக்கி, கிரௌனை விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவ விட வேண்டும். எட்டு நாள் ஸ்பிரிங் என்பதால் விரல் வலிக்க வலிக்க இறங்கிக்கொண்டே இருக்கும். பொறுமை போய்க் கையை விட்டால் கிளிக் உடையும், ரேட்செட் பல் போகும். வளையத்தால் சாவி கொடுக்கும் வகையில் கேஸிலிருந்து மெஷினை எடுப்பதற்கு முன்பே முறுக்கை இறக்கிவிடுவது நல்லது. வெளியே எடுத்துவிட்டால் பிடித்து இறக்க வளையம் இருக்காது. கிளிக் சில மெஷின்களில் டயலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைத் தொட ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். துளையைத் தேடிப் பிடியுங்கள். முறுக்கு இறங்காமல் பேலட் ஃபோர்க்கை (சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடும் கவை) கழற்றினால், அத்தனை சக்கரமும் ஒரே மூச்சில் சுழன்று பல்லையும் பிவட்டையும் ஒன்றாகக் காலி செய்துவிடும்.

வளையம் சுற்ற மறுத்தால் பிளையர் போடாதீர்கள். அப்படிப் போட்ட தழும்போடுதான் பாதி கடிகாரம் வருகிறது. உள்ளே இறுகியிருப்பது பழைய கிரீஸும் துருவும். விளிம்பைச் சுற்றி ஊடுருவும் எண்ணெயை ஊசி முனையால் துளித்துளியாக விட்டு, மெஷினுக்குள் இறங்காதபடி கவிழ்த்து வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். லேசான சூடும் உதவும், ஆனால் ரேடியம் டயல் என்றால் சூடு வேண்டாம்.

கழற்றும்போது ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், அதை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அதிகம் சொல்லப்படாதது ஸ்க்ரூக்களின் நீளம். ஒரே பிரிட்ஜில் (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடு) ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று இருக்கும். நீளமானதைக் குட்டையின் இடத்தில் போட்டால் அது மறுபக்கம் வந்து ஒரு சக்கரத்தை உரசும். கோளாறு எங்கே என்று நாள் முழுக்கத் தேடுவீர்கள். இன்னொன்று, கிரௌன் சக்கரத்தின் ஸ்க்ரூ பல மெஷின்களில் எதிர்ப்பக்கம் திருகுவது. வழக்கமான பக்கம் திருகி வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் மறுபக்கம் முயன்று பாருங்கள்.

பிரித்ததும் நான் முதலில் லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்ப்பது பேரலின் அச்சு உட்காரும் துளையையும் அதற்கு அடுத்த சக்கரத்தின் துளையையும். வட்டமாக இருக்க வேண்டிய துளை, விசை தள்ளுகிற பக்கமாக நீள்வட்டமாகியிருக்கும். கண்ணுக்கு உடனே தெரியாது. சக்கரத்தை அதில் நிறுத்தி மேல்நுனியை அசைத்தால் ஒரு பக்கம் சாயும். அதிகம் சாய்ந்தால் துளையைப் பெரிதாக்கி புஷ் (துளைக்குள் பொருத்தும் சிறு உலோக வளையம்) அடிக்க வேண்டும். புஷ் அடிப்பது கடிகாரத்தில் திரும்பிப் போக முடியாத வேலை. துளையின் பழைய மையத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் தேய்ந்த இடத்திலேயே புஷ்ஷை வைத்தால் பற்கள் சரியாகக் கோக்காது. கொஞ்சம் தேய்ந்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. நூறு வருஷம் ஓடிய துளை இன்னும் பத்து வருஷம் ஓடும்.

மெயின்ஸ்பிரிங்கைப் பேரலிலிருந்து எடுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பேரலைத் துணியோடு உள்ளங்கையில் வைத்து, உள்சுற்றைப் பிடித்து மெல்ல இழுத்து, சுற்றுச் சுற்றாக வெளியே விட வேண்டும். மேஜையில் விரித்துப் போட்டால் ஸ்பிரிங் தன் கதையைச் சொல்லிவிடும். நல்ல ஸ்பிரிங் விரிந்து அகலமாகக் கிடக்கும். சோர்ந்த ஸ்பிரிங் பேரலின் அளவுக்கே சுருண்டு கிடக்கும். அது எட்டு நாள் ஓடாது, மூன்றாம் நாளே மணி தளரும். பழைய கரி எஃகு ஸ்பிரிங்குகளில் இது சகஜம். உடைந்திருந்தால் பேரலின் பல்லையும் அதோடு கோக்கும் பினியனையும் (சிறு பற்சக்கரம்) ஒன்றுவிடாமல் பாருங்கள். ஸ்பிரிங் அறுந்து திரும்பி அடிக்கிற அடியில் ஒரு பல்லாவது வளைந்திருக்கக்கூடும்.

புது ஸ்பிரிங் வாங்கும்போது அகலம், தடிமன், நீளம் மூன்றையும் அளந்து வாங்குங்கள். மூன்றிலும் தடிமன்தான் பொல்லாதது. ஸ்பிரிங்கின் விசை அகலத்துக்கு நேராகவும் நீளத்துக்கு எதிராகவும் மாறும், தடிமனுக்கோ மும்மடியாக மாறும். அதாவது 10 சதவீதம் தடித்த ஸ்பிரிங் போட்டால் விசை 33 சதவீதம் ஏறிவிடும். "கொஞ்சம் ஸ்ட்ராங்காப் போட்டா நல்லா ஓடும்" என்று போட்டவற்றை நான் சரிசெய்திருக்கிறேன். பேலன்ஸ் அளவுக்கு மேல் வீசி, அதன் கல் பேலட் ஃபோர்க்கின் வெளிப்பக்கத்தில் போய் மோதும். குதிரைக் குளம்பு மாதிரிச் சத்தம் கேட்கும், மணியும் தாறுமாறாக முந்தும். கிடைக்கிற அளவுகளில் சரியானது இல்லை என்றால் மெல்லியதன் பக்கம் போங்கள். ஆறரை நாள் ஒழுங்காக ஓடட்டும், போதும். உள்ளே போடும்போது ஸ்பிரிங்கைச் சுருட்டும் வைண்டர் கருவி இல்லாமல் விரலால் திணித்தால் ஸ்பிரிங் கூம்பாக வளைந்துவிடும். அப்புறம் அது பேரல் மூடியை உரசிக்கொண்டே இருக்கும்.

கழுவும் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பேலட் ஃபோர்க்கில் உள்ள பேலட் கற்களையும், அந்த ஃபோர்க்கைத் தட்டிவிடும் பேலன்ஸின் ரோலர் கல்லையும் அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பெட்ரோலிய வகைக் கரைப்பான்கள் அரக்கைத் தொடாது, ஆனால் நெருப்பும் காற்றோட்டமும் கவனம். தட்டு, சக்கரங்களுக்கு அம்மோனியா கலந்த வாட்ச் கிளீனர் பித்தளையைப் பளிச்சென்று ஆக்கும். இரவு முழுக்க விட்டால் பித்தளைக்கு ஆகாது. எந்தக் கிளீனர் போட்டாலும் பிவட் துளைக்குள் ஒட்டிய பிசின் தானாகப் போகாது. மரக்குச்சியைக் கூராகச் சீவித் துளைக்குள் விட்டுத் திருகுங்கள். குச்சி கறுத்து வரும். மறுபடி சீவி, மறுபடி திருகி, வெள்ளையாக வரும்வரை செய்ய வேண்டும். சர்வீஸில் உண்மையான உழைப்பு இதில்தான், பார்ப்பவர்களுக்கு வேடிக்கை ஒன்றும் இருக்காது.

துரு நீக்கும் ஸ்பிரேயைப் பின்பக்கத் துளை வழியாக அடித்து ஓடவைக்கிற பழக்கம் உண்டு. ஓடும், சில வாரம். பிறகு அந்தப் படலத்தில் தூசி ஒட்டி, ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்வது முதலில் இருந்த அழுக்கைச் சுத்தம் செய்வதைவிட அதிக வேலை.

எண்ணெய் போடுவதில் பஞ்சம்தான் நல்லது. வேகமாக ஓடும் நுண்ணிய பிவட்களுக்கும் பேலன்ஸின் மூடிக் கற்களுக்கும் மோபியஸ் 9010 மாதிரி மெல்லியது, பேரல் பக்கத்துக் கனமான பிவட்களுக்கு டி5 மாதிரி கெட்டியானது, பேலட் கற்களின் முகத்துக்கு 9415, மெயின்ஸ்பிரிங்குக்கு 8200 என்று நான் வைத்துக்கொள்கிறேன். எண்ணெய் போடக் கூடாத இடங்கள் இதைவிட முக்கியம்: சக்கரப் பற்கள், ஹேர்ஸ்பிரிங், பேலட் ஃபோர்க்கின் கொம்பு. ஃபோர்க்கின் அச்சுக்கும் நான் போடுவதில்லை. அந்த இடத்தில் விசை அவ்வளவு குறைவு; எண்ணெயின் பிசுக்கே பிரேக் பிடித்துவிடும். பிவட் சுழலும் கல்லின் குழியில் எண்ணெய் பாதிக்கு மேல் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். அதிகமானது அங்கேயே நிற்காது, தட்டில் வழிந்து, குழியில் இருந்ததையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

மீண்டும் கோக்கும்போது எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பேரலும் சக்கரங்களும் பிரிட்ஜோடு உட்கார்ந்தாயிற்று, பேலட் ஃபோர்க் இன்னும் போடவில்லை. கிரௌனை ஓரிரு பல் மட்டும் திருகுங்கள். சக்கரங்கள் சத்தமில்லாமல் சுழன்று, வேகம் குறைந்து, நிற்கப்போகிற நேரத்தில் எஸ்கேப் வீல், அதாவது ஃபோர்க் தடுக்கும் கடைசிச் சக்கரம், லேசாகப் பின்னோக்கி ஒரு அசைவு காட்டும். அந்தப் பின்னசைவு வந்தால் வழி சுத்தம். வராமல் சட்டென்று நின்றால் எங்கோ ஒரு துளையில் அழுக்கோ, ஒரு சக்கரத்துக்கு மேலும் கீழும் அசைய இடமில்லாமலோ இருக்கிறது. அங்கேயே நிறுத்தித் தேடுங்கள். மேலே பேலன்ஸைப் போட்டு "ஓடுகிறதா பார்ப்போம்" என்பது வீண். அப்புறம் ஃபோர்க்கைப் போட்டு, கொஞ்சம் சாவியோடு ஊசியால் தொட்டால், அது தயங்காமல் மறுபக்கம் தாவ வேண்டும். பாதி வழி தள்ளினால் மீதியைத் தானே போக வேண்டும்.

ஓட ஆரம்பித்ததும் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் முந்துகிறது என்றால் ரெகுலேட்டரை (வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) தொடாதீர்கள். இவ்வளவு முந்தல் ரெகுலேட்டரின் வேலை இல்லை. ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் எண்ணெயாலோ காந்தத்தாலோ ஒட்டிக்கொண்டு, ஸ்பிரிங் நீளம் குறைந்துவிட்டது என்று பொருள். டேஷ்போர்டில் பக்கத்திலேயே அம்மீட்டர், வயர்கள் எல்லாம் இருக்கின்றன, நீலம் பாரித்த எஃகு ஹேர்ஸ்பிரிங்குக்குக் காந்தம் ஏறுவது அதிசயம் இல்லை. ஒரு சின்னத் திசைகாட்டியை ஓடுகிற பேலன்ஸுக்கு மேல் பிடியுங்கள். முள் சும்மா இருந்தால் பிரச்சினை இல்லை. பேலன்ஸின் தாளத்துக்கு நடுங்கினால் காந்தம் ஏறியிருக்கிறது. டிமேக்னடைசரில் ஒரு முறை காட்டினால் தீர்ந்துவிடும். எண்ணெய் என்றால் பேலன்ஸைக் கழற்றிக் கரைப்பானில் முக்கி எடுக்க வேண்டும்.

நேரம் சரிசெய்வதைக் காரில் இருக்கிற கோணத்தில் வைத்துச் செய்ய வேண்டும். பாக்கெட் வாட்ச் பல கோணத்தில் கிடக்கும், அதனால் எல்லாவற்றுக்கும் சராசரி பார்ப்போம். கார் கடிகாரம் வாழ்நாள் முழுக்க ஒரே கோணம்தான். ஒரு மரக்கட்டையை டேஷ்போர்டின் சாய்வுக்கு வெட்டி வைத்திருக்கிறேன், கடிகாரம் அதிலேயே ஒரு வாரம் ஓடும். தினமும் மணியைக் குறித்துக்கொண்டு, ஏழாம் நாள் முடிவில்தான் ரெகுலேட்டரை நகர்த்துவேன். முதல் நாள் ஸ்பிரிங் முழு விசையில், கடைசி நாள் தளர்ந்து, இரண்டுக்கும் மணி ஒரே மாதிரி ஓடாது. எட்டு நாள் ஓடும் கடிகாரத்துக்கு ஏழு நாளுக்கு ஒரு முறை, அதே கிழமையில் சாவி கொடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். ஸ்பிரிங்கின் மோசமான கடைசிச் சுற்றைத் தொடாமலே வாரம் ஓடிவிடும்.

வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும். சாதாரணப் பித்தளை பேலன்ஸும் எஃகு ஹேர்ஸ்பிரிங்கும் சேர்ந்தால், வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏற ஏற நாளுக்குச் சுமார் 11 விநாடி பின்தங்கும். மூடிய காருக்குள் 10 டிகிரி ஏறினாலே நாளுக்கு ஏறக்குறைய 2 நிமிடம். இதை ஈடுகட்டத்தான் எஃகும் பித்தளையும் சேர்த்து, இரண்டு இடத்தில் வெட்டிய பேலன்ஸ் வைத்தார்கள். அந்த வெட்டிய விளிம்பை ட்வீஸரால் அழுத்திப் பிடித்தால் வட்டம் கெட்டுவிடும்; பேலன்ஸின் குறுக்குக் கையை மட்டும் பிடியுங்கள். கார் உரிமையாளர்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பின் இருக்கும் என்பதுதான். மொபைலோடு ஒப்பிட்டுக் குறை சொல்பவருக்கு இந்தக் கடிகாரம் சரிப்படாது.

மேஜையில் ஓடிய கடிகாரம் காரில் நின்றுபோவது தனிக் கதை. ஒருவர் இப்படித்தான் இரண்டாம் வாரமே போன் செய்தார். "உங்ககிட்ட ஓடிச்சு சார், என் வண்டியில ஓட மாட்டேங்குது." கடிகாரத்தை அனுப்ப வேண்டாம், வண்டியோடு வாருங்கள் என்றேன். பார்த்தால், அரை மணி நேரம் ஓடும், நிற்கும். டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து, கிரௌனில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் புள்ளி இடம் மாறியிருந்தது. கிரௌன் தானாகச் சுற்றுகிறது என்றால், கடிகாரம் நேரம் திருத்தும் நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. முள்ளை ஓட்டுவதோடு அந்த நீளத் தண்டையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. டேஷ்போர்டைப் புதிதாகச் செய்தபோது தண்டு வரும் துளையைச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். தண்டு பலகையில் உரசி, முழுதாக உள்ளே போகவில்லை. துளையை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தியதும் சரியாகிவிட்டது. மெஷினை நான் தொடவே இல்லை. பின்பக்கம் பிடித்துக்கொள்ளும் வளைந்த பட்டையின் நட்டை அளவுக்கு மேல் முடுக்குவதும் இதே தொல்லையைத் தரும். மெல்லிய கேஸ் நெளிந்து, நிமிட முள்ளின் நுனி கண்ணாடியைத் தொடும். நட்டு கையால் முடுக்கிய அளவு போதும்.

இரண்டாம் உலகப் போரை ஒட்டியும் அதற்குப் பிறகும் வந்த கார்களில் இன்னொரு வகை வரும்: போர்க், கீன்ஸ்லே, விடிஓ மாதிரியானவை. வெளியிலிருந்து மின்சாரக் கடிகாரம் போலத் தெரியும், உள்ளே பேலன்ஸ் ஓடுகிற சாவிக் கடிகாரமேதான். ஓரிரு நிமிடத்துக்கு ஒரு முறை 'டக்' என்று ஒரு மின்காந்தச் சுருள் (காயில்) ஸ்பிரிங்கை ஏற்றிவிடும். இவற்றில் கெடுவது பெரும்பாலும் காண்டாக்ட் முனைகள். தீப்பொறி பட்டுக் கருகியிருக்கும். உப்புத்தாள் வேண்டாம், மிக நுண்ணிய அரத்தால் இரண்டு இழுப்பு போதும். பேட்டரி பலவீனமானால் காயிலுக்கு நெம்பும் வலு இருக்காது, காண்டாக்ட் ஒட்டியபடியே நிற்கும், மின்சாரம் நிற்காமல் ஓடிக் காயில் எரியும். அதைத் தடுக்கச் சில மாடல்களில் எளிதில் உருகும் ஈயப்பற்று ஒன்றை ஃபியூஸாக வைத்திருக்கிறார்கள். அது விட்டுப்போயிருந்தால் சாதாரண சால்டர் வைத்துப் பற்றவைக்காதீர்கள். சாதாரண சால்டர் உருகும் முன்பே காயில் போய்விடும். குறைந்த வெப்பத்தில் உருகும் கலவைதான் வேண்டும். 6 வோல்ட் காரை 12 வோல்ட்டுக்கு மாற்றியவர்கள் கடிகாரத்தை மறந்துவிடுவதும் வழக்கம்.

வேலைக்கு எடுக்காதவையும் உண்டு. துத்தநாகக் கலவையில் வார்த்த கேஸ் உப்பி, வெடித்து, விளிம்பு உதிர ஆரம்பித்திருந்தால் அதை ஒட்டவைக்க முடியாது. உள்ளே மெஷின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு வேறு கேஸ் தேட வேண்டும் என்று சொல்லிவிடுவேன். வெள்ளிப் பூச்சு டயலைப் பாலிஷ் போட்டுத் தரச் சொன்னாலும் மறுத்துவிடுவேன். அந்தப் பூச்சு மிக மெல்லியது, துணியால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் எண்களோடு சேர்ந்து போய்விடும். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். பேலன்ஸின் அச்சு உடைந்திருந்தால் லேத்தில் புதிதாகக் கடைந்து போடத் தெரிந்தவரிடம் அனுப்புவேன்; அந்த வேலையை அரைகுறையாகச் செய்யவே முடியாது.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் எண்ணெய் காய்ந்துகொண்டுதான் இருக்கும். நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். கார் பல மாதம் ஷெட்டில் நிற்கப்போகிறது என்றால் சாவி கொடுக்காமல் விட்டு, ஸ்பிரிங் தானாக இறங்கிய நிலையில் வையுங்கள். திரும்ப எடுக்கும்போது முதல் நாளே முழுச் சாவி கொடுக்க வேண்டாம். நாலைந்து திருகு கொடுத்து, ஒரு நாள் ஓடுகிறதா என்று பாருங்கள்.